கரி பிடித்த சத்தம்

காலை ஐந்தே முக்காலுக்கு மெக்கானிக் பக்ருதீன் வீட்டு போன் அடித்தது. எடுத்தால் டிரைவர் குமாரவேலின் மனைவி சிவந்தி பேசினாள்.

"வண்டி நின்னுபூடுச்சி பாய்."

"நிக்கட்டும்மா. ஓட்டறதுக்கு அங்க யாரு கீறாங்க? நாஸ்டா துன்னுட்டு ஒம்போது மணிக்கா வரேன்."

"இல்ல பாய். அவுரு அழுவுறாரு."

சட்டையை மாட்டிக்கொண்டு, டூல்ஸ் பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு அந்த நேரத்தில் கால் மணி நேரம்தான். காசிமேட்டு மீன் வண்டிகள் எதிரே ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டபடி வந்துகொண்டிருந்தன.

குமாரவேலுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே, தன் சொந்த டாக்ஸியில் கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது, ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டான். நாற்பத்தேழு வயது. வலது கை போனது, பேச்சு போனது. வலது காலில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் பக்ருதீன் நான்கைந்து தடவை போய்ப் பார்த்தான். இருபது வருடமாக ஓயாமல் வாயடித்த ஒரு ஆள் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கத் தெம்பில்லாமல், பிறகு போவதைக் குறைத்துக்கொண்டான். இப்போது போய் ஆறு மாதமிருக்கும்.

சந்தின் முனையில், அடிபம்பை ஒட்டி, அந்த வெள்ளை டீசல் கார் நின்றது. அதற்கு நேரே குமாரவேல் வீட்டு முன்னறை ஜன்னல். ஜன்னலை ஒட்டிக் கட்டில். பக்ருதீன் உள்ளே நுழைந்தபோது குமாரவேல் அவனைப் பார்க்கவில்லை. காதோரமாக வழிந்திருந்த கண்ணீரை மகள் மதி தாவணி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள்.

"இன்னா நைனா, நான்தான் வந்துகீறேன்" என்றான் பக்ருதீன்.

குமாரவேலின் கண் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

சிவந்தி அவனை வெளியே கூட்டிவந்து சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன்னால், பேட்டரி இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதால், ஒரு நாள் விடியற்காலை அவள் வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறாள். ஓட்டத் தெரியாது, சாவியைத் திருப்ப மட்டும் தெரியும். உள்ளேயிருந்து மதி கத்தினாளாம். ஓடிப் போய்ப் பார்த்தால் குமாரவேலின் வலது கால் அசைகிறது. குதிகால் படுக்கையில் ஊன்றியபடி இருக்க, விரல்கள் மட்டும் முன்னால் அழுந்தி, விட்டு, மறுபடி அழுந்துகின்றன.

"அந்த வண்டி அப்படியே போய்க்கினே இருக்கும்போது நடுவுல ஒரு தபா எறங்கும்ல பாய், நிக்கறாமாரி? அப்ப மிதிப்பாரு. கரீட்டா அப்பதான் மிதிப்பாரு. அவுரு மிதிச்சதும் வண்டி ஏறிக்கும்."

"அது தானா ஏறும்மா."

"தெரியும் பாய். அவுருக்குத் தெரியாதுல்ல?"

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து முக்கால் மணி நேரம் ஓடவிடுகிறாள். முதலில் விரல்கள் மட்டும்தான் அசைந்தனவாம். போன மாதம் முழங்கால் வரை அசைவு வந்துவிட்டது. காலை நீவிவிட வரும் பெண் பார்த்துவிட்டு, விடாமல் செய்யுங்கள், இந்தக் கால் ஒரு நாள் ஊன்றும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இன்று காலையில் வண்டி இறங்கியது, ஏறவில்லை. அப்படியே நின்றுவிட்டது. வண்டி நின்ற பிறகும் அவன் மிதித்துக்கொண்டே இருந்தானாம். வெகுநேரம் மிதித்தானாம். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது.

"தான்தான் வண்டிய நிறுத்திட்டோம்னு நெனச்சிக்கினாரு போல" என்றாள் மதி, வாசற்படியிலிருந்து.

பக்ருதீன் பானெட்டைத் திறந்தான். கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே அவனுக்கு விஷயம் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

டீசல் வண்டி தான் விடும் புகையில் கொஞ்சத்தைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ஊருக்குள் புகை குறையட்டும் என்று. எஞ்சினுக்கு அடியில் கிளம்பும் எண்ணெய் ஆவியும் இன்னொரு குழாய் வழியாக அதே காற்றுப் பாதையில்தான் போய்ச் சேருகிறது. புகையில் இருக்கும் கரியும் இந்த எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் தார் மாதிரி ஆகிப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வண்டி சூடேறி வேகமாக ஓடினால் அவ்வளவாக ஒட்டாது. நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் நாளுக்கு நாள் ஒட்டும். குமாரவேலின் வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். எண்ணூர் சாலையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். நடுவே மாட்டிக்கொண்டால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், ஏசியைப் போட்டபடி நிற்க வேண்டியதுதான்.

"டீசல் வண்டிய இப்படி மணிக்கணக்கா சொம்மா ஓடவுட்டுக்கினு நிக்காத நைனா. உள்ள கரி கட்டும்" என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

"ஏசிய நிறுத்தினா பின்னால குந்திக்கினு இருக்கற ஆபீசரு வெந்துபூடுவாரு பாய். அவுரு வேவட்டுமா, வண்டி வேவட்டுமா?"

"வண்டிதான் வேவணும். அதத்தான் சொல்றேன். வாரத்துல ஒரு நாளு மீஞ்சூர் ரோட்டுல மூணாவது கியர்ல போட்டு விரட்டு. சூட்டுல கரி தானா வெளிய வந்துடும்."

"மூணாவது கியரா? அத்தப் பாத்தே மூணு மாசம் ஆவுது பாய். அது இன்னும் வண்டியில கீதா, கழட்டி வித்துட்டியா?"

இப்படியே பேசிப் பேசிக் குமாரவேல் தள்ளிப்போட்டுவிட்டான். வண்டி தடுமாற ஆரம்பித்தபோது, காலால் லேசாகத் தட்டிக் கொடுத்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்டான். லாரி வரிசையில் நிற்கும்போது ஒரு காதால் எஞ்சினைக் கேட்டபடி, இறங்கும் நேரம் பார்த்து ஒரு மிதி. ரேடியோ கேட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே, ஏன், கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கும்போதுகூட அந்தக் கால் தன் வேலையைத் தப்பாமல் செய்யும். "இது எஞ்சின்ல ஓடல பாய், என் கட்டை விரல்ல ஓடுது" என்பான்.

பக்ருதீன் வண்டியைக் கயிறு கட்டித் தன் ஷெட்டுக்கு இழுத்துப் போனான். மற்ற வேலைகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதன் காற்றுப் பாதையைக் கழற்றினான். கட்டை விரல் நுழைய வேண்டிய துளைகளில் சுண்டு விரல் நுனிதான் நுழைந்தது. மிச்சமெல்லாம் கரி. ஓரத்தில் கெட்டியாக, நடுவில் பிசுபிசுப்பாக, வருடக்கணக்கில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். அடை அடையாகப் பெயர்ந்து பழைய செய்தித்தாளில் விழுந்தது. பிறகு கிருஷ்ணாயிலில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, மறுபடி ஊறவைத்தான். புகை திரும்பி வரும் வால்வு அசையாமல் பாதி திறந்தபடி இறுகிப்போயிருந்தது. அதையும் பிரித்துச் சுத்தம் செய்து, விரலால் தள்ளினால் போய்த் திரும்பும்படி ஆக்கினான்.

மூன்று நாள் ஆனது. அந்த வால்வை மட்டும் சரி செய்திருந்தாலே வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும். அரை நாள் வேலை. ஆனால் அவன் அப்படி விடுவதாக இல்லை. குமாரவேலுக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டோம் என்ற உறுத்தல் எட்டு மாதமாக இருந்தது. அவனுக்குச் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான். இதையாவது ஒரு குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தான்.

அதோடு, மறுபடியும் கரி சேராதிருக்க வழி செய்தான். எண்ணெய் ஆவி வரும் குழாயை நடுவே வெட்டி, அங்கே ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவைப் பொருத்தினான். மூடியில் இரண்டு குழாய் பற்றவைத்து, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்தான். ஆவி அந்த நாரில் பட்டு எண்ணெயாக டப்பாவிலேயே தங்கிவிடும். வெறும் காற்று மட்டும் எஞ்சினுக்குப் போகும். வாரம் ஒரு தடவை டப்பாவைக் கழற்றிக் கொட்டினால் போதும். டப்பா வீட்டிலிருந்து எடுத்தது.

"ஏலக்கா போட்டு வெச்ச டப்பாவ எங்க காணோம்?" என்று அவன் மனைவி பதுருன்னிசா அன்றிரவு தேடினாள்.

"குமாரவேலு வண்டியில கீது."

"ஏலக்காயோடவா?"

"ஏலக்காய ஒரு தட்டுல கொட்டி வெச்சிகீறேன் பாரு, மேல் அலமாரியில."

அவள் சிரித்துவிட்டு, "அந்த மனுசன் எழுந்து வந்து வண்டி ஓட்டட்டும். எல்லா டப்பாவையும் எடுத்துக்கினு போ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டியைப் பூட்டி முடித்து மீஞ்சூர் சாலைக்கு எடுத்துப் போனான். மணலி தாண்டிச் சாலை காலியானதும் மூன்றாவது கியரில் போட்டு விரட்டினான். கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் கறுப்பாக ஒரு மேகம் எழுந்தது, மெலிந்தது, நின்றது. அதற்குப் பிறகு வண்டி இழுத்த இழுப்பில் அவனுக்கே ஆச்சரியம். திரும்பும் வழியில் ஒரு டீக்கடையோரம் நிறுத்தி, ஓடவிட்டபடியே இறங்கிப் போய் டீ வாங்கிவந்து, டீ டம்ளரைப் பானெட்டின் மேல் வைத்தான். டம்ளர் அசையவில்லை. தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பான்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவனே வண்டியைச் சந்துக்கு ஓட்டிவந்தான். அந்தக் கால் அசைவதை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சிவந்தி குளித்து, ஈரத் தலையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"வண்டிய நிறுத்திட்டுக் குடு பாய். நான்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். தினமும் நான்தான்."

சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். பக்ருதீன் வீட்டுக்குள் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டான். மதி போர்வையை விலக்கி அப்பாவின் பாதத்தைத் திறந்து வைத்தாள்.

ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது. சீராக, மிருதுவாக, ஒரே மட்டத்தில் ஓடியது. குமாரவேலின் கண் ஜன்னல் பக்கம் திரும்பியது. பக்ருதீன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதம் அசையவில்லை.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. குமாரவேல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை, அதற்காகக் காத்திருக்கிறேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"இன்னா, மிதிக்கிறாரா?" என்று வெளியிலிருந்து சிவந்தி கேட்டாள்.

அவள் இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"வண்டி வந்துடுச்சி பாரு. உன் வண்டிதான். பாய் சரி பண்ணிக் குடுத்துகீறாரு. தே, மிதியேன்."

பக்ருதீனுக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டி இறங்கவில்லை. இறங்கினால்தானே அவன் ஏற்றிவிட வேண்டும்? ஆறு மாதமாக அந்த மனிதனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வேலை, நிற்கப் போகும் வண்டியை நிற்காமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையைத்தான் இவன் மூன்று நாள் உட்கார்ந்து சுரண்டி, கிருஷ்ணாயில் போட்டுத் துடைத்து எடுத்திருக்கிறான்.

"இது எங்க வண்டி இல்லன்னு நெனச்சிக்கினாரு" என்றாள் மதி.

"சொம்மா இரு. நாளைக்கு மிதிப்பாரு" என்றாள் சிவந்தி.

மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் பக்ருதீன் வந்து தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். காற்று வடிகட்டியில் துணியை அடைத்தான். வண்டி மூச்சு முட்டியது, கறுப்பாகப் புகைந்தது, ஆனால் தடுமாறவில்லை. புகை வால்வைக் கம்பி வைத்துத் திறந்தபடி கட்டினான்; சத்தம் கரகரத்தது, தொண்டை கட்டிய மாதிரி, ஒரே சீராகக் கரகரத்தது. கடைசியாகத் தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பழைய சத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை விட்டும் அழுத்தியும் ஏற்றி இறக்கினான். அது ஏறக்குறைய அதே மாதிரிதான் இருந்தது.

சிவந்தி ஜன்னலோரமாகத் தலையை ஆட்டினாள். "கண்ண மூடிக்கினாரு பாய்."

வண்டியில் வேறொருவன் கால் இருப்பது ஒரு டிரைவருக்குத் தெரியாமல் போகுமா? மிதிக்க இன்னொருவன் இருக்கிறான் என்றால் அவன் எதற்கு?

பக்ருதீன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, பானெட்டின் மேல் கையை ஊன்றி நின்றான்.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றான். "வால்வ மட்டும் பாத்துட்டு வுட்டிருக்கணும். சுத்தமா இருக்கணும்னு..."

"நல்லது பண்ணணும்னுதான பாய் பண்ணே." பிறகு, "அந்தக் கரிய எடுத்தியே, அத்த திரும்பப் போட முடியுமா?" என்று கேட்டாள்.

கேலி செய்கிறாளோ என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். இல்லை. ஒரு பொருளைத் திருப்பிக் கேட்பது போல்தான் கேட்டாள். அந்தச் செய்தித்தாள் பொட்டலம் ஷெட்டுக்கு வெளியே குப்பையில் கிடந்ததும், கார்ப்பரேஷன் வண்டி வந்து அள்ளிப் போனதும் அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது. இருந்தாலும் அதைக் குழைத்துப் பூசவா முடியும்?

"போட முடியாதும்மா. அது தானா கட்டணும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"உங்க வூட்டுக்காரருக்கு நாலு வருசம் ஆச்சி."

"அவுரு நடுவுல ஓட்டிக்கினு இருந்தாரு. நான் சொம்மா நிக்க வெச்சிக்கினே இருக்கேன். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். எத்தினி நாளு?"

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். தன் இருபத்தைந்து வருடத் தொழிலில், கரி சேராதிருக்க என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் போதும். நிறுத்திவைத்தே ஓடவிட வேண்டும். சூடேறவிடக் கூடாது. வால்வைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். அப்புறம் எண்ணெய்.

ஸ்பேனரை எடுத்து, நான்கு நாளைக்கு முன்னால் பொருத்திய எவர்சில்வர் டப்பாவைக் கழற்றினான். அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குப் பழுப்பாக எண்ணெய் சேர்ந்திருந்தது. அதைக் கீழே கொட்டாமல் காற்றுக் குழாய்க்குள்ளேயே ஊற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மொத்தமாக எண்ணெய் போனால் எஞ்சின் தறிகெட்டு ஓடிவிடும் என்று தெரியும். சந்தோரமாகக் கொட்டிவிட்டு, குழாயைப் பழையபடி நேராகச் சேர்த்துக் கட்டினான்.

"மழைக்குள்ள வரும்" என்றான். "ஐப்பசிக்குள்ள."

அப்போது ஆனி மாதம்.

அதன் பிறகு காலையும் மாலையும் அந்தச் சந்தில் வண்டி ஓடியது, நின்ற இடத்திலேயே. எதிர்வீட்டு பூவம்மா மீன் விற்றுவிட்டு வந்து தூங்குகிற நேரம் சாயங்காலம்தான். நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் கதவைத் திறந்துகொண்டு கத்தினாள்.

"ஓட்டத் தெரியாதவளுக்கு வண்டி ஒரு கேடா? சந்து பூரா கலீஜ் பண்ணிக்கினு! எம்மாந் துணி காயப்போட்டுக்கீறேன், போய்ப் பாரு, எள்ளு தூவின மாரி கீது!"

சிவந்தி பதிலுக்குக் கத்தவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலைக் காட்டி, விஷயத்தைச் சொன்னாள். பூவம்மா பாதத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து துணியைக் கொல்லைப்பக்கம் காயப்போட்டாள். சிவந்திக்கு அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஓவர்டைம் விழுந்த நாட்களில் அவளே வந்து சாவியைத் திருப்பினாள். "இன்னும் எறங்கலடி. நல்லா வெண்ணெ மாரி ஓடுது சனியன்" என்று சலித்துக்கொள்வாள்.

பக்ருதீன் வாரம் ஒரு தடவை வந்தான். பானெட்டைத் திறந்து, ஒரு குழாயை மட்டும் கழற்றி, உள்ளே விரல் விட்டுப் பார்ப்பான். முதலில் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆடியில் கண்மை மாதிரி ஒட்டியது. ஆவணியில் விரல் வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் சிவந்தி அவன் விரல் நுனியைத்தான் பார்ப்பாள். கறுப்பாக இருந்தால் அவள் முகம் தெளியும். கரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட வண்டிச் சொந்தக்காரியை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை.

கட்டிலில் கிடந்தவன் மட்டும் குறைந்துகொண்டே வந்தான். முழங்கால் வரை வந்த அசைவு எப்படிப் போனது என்று காலை நீவிவிடும் பெண்ணுக்குப் புரியவில்லை. பயிற்சியை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டாள். சிவந்தி, ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வது? குமாரவேல் இப்போது ஜன்னல் பக்கம் திரும்புவதையும் விட்டுவிட்டான். கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்க நேரமானது. பக்ருதீன் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இன்னும் கொஞ்ச நாளு நைனா. கட்டிக்கினு வருது" என்பான். எதைச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

புரட்டாசி கடைசியில் முதல் மழை பிடித்தது. கடற்காற்று ஈரத்தோடு ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலைச் சாத்தினால் சத்தம் கேட்காது என்று சிவந்தி சாத்தாமல் விட்டாள். குமாரவேலுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். நான்காம் நாள் காலையில், வழக்கமாக வண்டியை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில், போய்விட்டான்.

ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும் என்று சிவந்தி பதினாறு நாளும் சொன்னாள். டப்பாவைக் கழற்றியதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று பக்ருதீன் நினைத்தான்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் அவள் போன் செய்தாள். "வண்டிய குடுத்துடலாம் பாய். மணலியிலேர்ந்து ஒர்த்தர் பாக்க வராராம், பத்து மணிக்கு. நீ கொஞ்சம் முன்னாடி வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாரு. ரொம்ப நாளா நிக்குது."

பக்ருதீன் ஒன்பதரைக்கு வந்தான். இரவெல்லாம் பெய்த மழையில் வண்டி கழுவிவிட்டது போல் நின்றது. முன்னறையில் கட்டில் இல்லை. மடக்கிச் சுவரோரமாக வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் மதி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். சிவந்தி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இரண்டு தடவை முரண்டு பிடித்து, மூன்றாவதில் வண்டி பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடியது. அவன் பானெட்டைத் திறப்பதற்காகக் கதவின் மேல் கை வைத்தான்.

அப்போது வண்டி இறங்கியது.

சத்தம் மெல்லத் தாழ்ந்து, நிற்கப் போவது போல் ஒரு கணம் தயங்கி, தன்னைத் தானே உலுக்கிக்கொண்டு மறுபடி ஏறியது. ஸ்டியரிங் வழியாக அந்த நடுக்கம் கைக்கு வந்தது. ஓடியது. திரும்பவும் இறங்கியது.

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சிவந்தி முன்னறைக்கு ஓடிவந்து, ஈரக் கையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். மதி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் கிடந்த வெற்றுத் தரையைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவைத் திறந்து பூவம்மா வந்து நின்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

வண்டி மூன்றாவது தடவையாக இறங்கியது. இந்தத் தடவை இன்னும் ஆழமாக. பக்ருதீனின் கால் தானாக ஆக்சிலேட்டரைத் தேடிப் போனது.

"மிதிக்காத பாய்" என்றாள் சிவந்தி.

அவன் காலை எடுத்துக்கொண்டான். சத்தம் தாழ்ந்தது, தயங்கியது, மேலும் தாழ்ந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் மிதிக்கவில்லை. ஒரு தடவை உடம்பை உலுக்கிவிட்டு வண்டி நின்றது.